கதவுக்குப் பின்னால் நின்று நான் சொன்ன பதில்

அது அறுபத்தெட்டாம் வருஷமா, அறுபத்தொன்பதா என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் பெண்ணுக்கு ஒரு வயது முடிந்திருந்தது, அது மட்டும் நிச்சயம். மேற்குத் தாம்பரத்தில் நாலு குடித்தனம் இருந்த ஒரு ஓட்டு வீட்டில் எங்களுக்கு ஒரு அறையும் சமையலறையும். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் பெண்ணிடம்கூட.

என் கணவர் பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பியூனாக இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர். அந்தக் காலத்தில் அது படிப்புதான். ஆனாலும் கிடைத்தது காக்கிச் சட்டை. காலையில் மேனேஜர் அறை வாசலில் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். அங்கே ஒரு ஸ்டூல் உண்டு, மேனேஜர் உள்ளே இருக்கும்போது அதில் உட்காரக் கூடாது. மேனேஜர் எந்நேரமும் உள்ளேதான் இருப்பார். நின்று நின்று இவருக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆபீஸ் சமாசாரம் எனக்கு என்ன தெரியும்? கால் வலிப்பது மட்டும் தெரியும்.

அந்த வருஷம் ஆபீசில் தபால் பார்க்கும் குமாஸ்தா ஒருவர் ஓய்வு பெற இருந்தார். தலைமை குமாஸ்தாவுக்கு இவர்மேல் பிரியம். இங்கிலீஷில் போன் பேசக் கற்றுக்கொள், அந்த இடத்துக்கு உன் பெயரைச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏனென்றால் அந்த மேஜைமேல்தான் டெலிபோன் இருந்தது. பம்பாயிலிருந்து கூப்பிடுவார்கள், கல்கத்தாவிலிருந்து கூப்பிடுவார்கள். அந்த மேஜைக்குப் பின்னால் கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறதாம். அதைப் பற்றி இவர் சொல்லும்போது முகமே வேறாக இருக்கும்.

இவருக்கு இங்கிலீஷ் படிக்க வரும், எழுத வரும், பேசத்தான் வராது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் ஒன்றாகவும் ஆபீசில் பேசுகிற இங்கிலீஷ் வேறாகவும் இருக்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை. அதற்கு இவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"புட்டுன்னு ஒரே வார்த்தைதான். பின்னால ஒரு குட்டி வார்த்தையை ஒட்டினா சட்டையைப் போடறது. வேற ஒண்ணு ஒட்டினா விளக்கை அணைக்கிறது. இன்னொண்ணு ஒட்டினா தேதியைத் தள்ளிப் போடறது. எதை எங்க ஒட்டறதுன்னு வெள்ளக்காரனுக்குத்தான் தெரியும்."

ஆபீசில் ஆங்கிலோ இந்திய டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் இருந்தார். பல்லாவரத்தில் ஏறி அதே ரயிலில் வருகிறவர். இவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்து, அதை மூடச் சொல்லிவிட்டார். உன் வீட்டில் தினமும் நடக்கிறதில் மூன்று விஷயம் வந்து சொல்லு, அதற்கு இங்கிலீஷ் நான் எழுதித் தருகிறேன், உன் வீட்டு விஷயமாக இருந்தால் மறக்காது என்றாராம். அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு ஆரம்பமானது. இடது பக்கம் அந்த அம்மா இங்கிலீஷில் எழுதுவார். வலது பக்கம் இவர் தமிழில் எழுதுவார்.

என் மனைவி நாலரை மணிக்கு எழுந்திருக்கிறாள். கெட்ஸ் அப். பால் பொங்கி வழிந்துவிட்டது. பாயில்டு ஓவர். கெரசின் தீர்ந்துவிட்டது. ரன் அவுட் ஆஃப் கெரசின். குழந்தை என் அம்மாவைப் போல இருக்கிறது. டேக்ஸ் ஆஃப்டர். இப்படியே பக்கம் பக்கமாக என் குடித்தனம் அந்த நோட்டில் ஏறியது.

முதலில் எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. பால் பொங்கினதைப் போய் ஒரு வெளி மனுஷியிடம் சொல்வார்களா என்று கேட்டேன். பொங்காமல் பார்த்துக்கோ, சொல்ல மாட்டேன் என்று சிரித்தார். அப்புறம் எனக்கே அது பிடித்துப்போயிற்று. இன்றைக்கு எதைச் சொல்லப் போகிறீர்கள் என்று காலையிலேயே கேட்பேன். என்னைப் பற்றி யாரோ ஒருவர் எழுதுவது அதுதான் முதல் தடவை. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட, இது நோட்டில் வருமா என்று நினைத்துக்கொண்டே நிற்பேன்.

படிப்பெல்லாம் விடிகாலையில்தான். நான் அடுப்பில் உலை வைத்துவிட்டு நோட்டை மடியில் விரித்துக்கொள்வேன். தமிழ் படிக்கத் தெரியும் என்பதால் வலது பக்கத்தை வாசிப்பேன். இவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். உடனே வராவிட்டால் தலையைத் தூக்கி ஓட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உதடு மட்டும் அசையும். நான் ஒன்றும் பேசாமல் அரிசியைக் கிளறுவேன். திரும்பிப் பார்ப்பதற்குள் சரியாகச் சொல்லிவிடுவார். இவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் வேண்டும். அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

நாலைந்து மாதத்தில் எனக்கும் எல்லாம் பாடமாகிவிட்டது. கேட்டுக் கேட்டுத்தான். இடது பக்கத்தில் ஒரு எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தமிழுக்கு எந்த இங்கிலீஷ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவருக்கு அது தெரியும். ஒரு நாள் நான் முந்திக்கொண்டு சொன்னபோது, "பரவாயில்லையே, எனக்கு முன்னாடி நீ பாஸாயிடுவே போலிருக்கே" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த சந்தோஷம். நான்தான் அதைப் புரிந்துகொள்ளவில்லை.

குழந்தைக்குக் காது குத்தத் தை மாதம் நாள் பார்த்திருந்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஊரப்பாக்கத்திலிருந்த என் அண்ணனுக்கு அம்மை போட்டுவிட்டது. அதனால் பங்குனிக்குத் தள்ளிப் போட்டோம். அதுவும் நோட்டில் வந்தது. காதுகுத்து ஹேஸ் பீன் புட் ஆஃப். என் அண்ணனின் அம்மை இங்கிலீஷ்காரன் வரைக்கும் போய்விட்டது என்று நான் சிரித்தேன்.

பங்குனியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் அம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு வீட்டுக்கு வந்தோம். நாலு குடித்தனத்துக்கும் பொதுவான முற்றத்தில் பாய் விரித்துச் சாப்பாடு. குரோம்பேட்டையிலிருந்து தலைமை குமாஸ்தா வந்திருந்தார். பியூன் வீட்டு விசேஷத்துக்கு அவ்வளவு பெரிய மனிதர் வந்ததில் இவருக்குக் கால் தரையில் படவில்லை. பக்கத்துக் குடித்தனத்தில் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். என் கணவரின் அண்ணனும் வந்திருந்தார். சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் சும்மா இருக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அஞ்சாங்கிளாஸ் என்றுதான் சொல்வார். எஸ்.எஸ்.எல்.சி. மாப்பிள்ளைக்கு அஞ்சாங்கிளாஸ் பெண்ணைக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது தலைமை குமாஸ்தா, இன்னும் ஒரு மாதம்தான், போன் பேச வந்துவிட்டதா என்று இவரைக் கேட்டார். பேசிடுவேன் சார் என்றார் இவர். உடனே இவர் அண்ணன் குறுக்கே வந்தார்.

"இன்னா சார், சும்மா வாயால கேட்டுகினு. ரெண்டு கேள்வி உட்டுப் பாரு. தம்பி இங்கிலீஷ் பேசி நாங்க யாருமே கேட்டது இல்ல."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் எச்சில் இலைகளை எடுத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தலைமை குமாஸ்தா சிரித்துக்கொண்டே கையைக் காதில் வைத்துக்கொண்டார். நான் பம்பாய், உங்கள் மேனேஜர் வேண்டும் என்றார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், ஹோல்ட் ஆன் ப்ளீஸ் என்றார். என் அண்ணன் கைதட்டினான். அடுத்து, பார்சலை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார். ஐ ஹேண்டட் இட் ஓவர் டு த டிரைவர் என்றார். கணவரின் அண்ணன்கூட, அடேங்கப்பா என்று தலையை ஆட்டினார்.

மூன்றாவதாக அவர் கேட்டது இதுதான்.

"கப்பல் இன்னிக்குக் கிளம்பலைப்பா. பயணத்தை ரெண்டு நாள் தள்ளிப் போட்டுட்டாங்க. பம்பாய்க்காரனுக்கு அதைச் சொல்லு பார்ப்போம்."

இவர் ஆரம்பித்தார். த செய்லிங் என்றார். அதோடு நின்றுவிட்டார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார். உதடு அசைந்தது. எங்கள் காதுகுத்தையே நாங்கள் தள்ளிப் போட்டு, அதை எத்தனையோ காலை நான் வாசித்து அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது நாக்கு நுனியில் இருந்தது. முற்றத்தில் இருபது பேர் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஹேஸ் பீன் புட் ஆஃப்."

நான்தான் சொன்னேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. ஆண்கள் உட்கார்ந்து பேசும் இடத்தில் அதுவரை நான் ஒரு வார்த்தை பேசினவள் இல்லை.

இவர் அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"பாத்தியா சார், அஞ்சாங்கிளாஸ் பாஸு, எஸ்.எஸ்.எல்.சி. பெயிலு."

தலைமை குமாஸ்தாவும் சிரித்துவிட்டார். "அந்த மேஜையில உங்க வீட்டம்மாவையே உட்கார வெச்சிடலாம் போலிருக்கேப்பா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முற்றமே சிரித்தது. இவரும் சிரித்தார். அவ நல்லா சொல்லுவா சார் என்று சொல்லிவிட்டு, தலைமை குமாஸ்தாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

ஒரு உண்மையை எழுத வேண்டும். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அவருக்கு உதவி செய்யத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அஞ்சாங்கிளாஸ் என்று சொன்ன வாய்க்கு முன்னால் எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டும் என்று எங்கேயோ ஓர் ஆசை இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் உலை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். இன்றைக்கு நேரமாகிவிட்டது, வேண்டாம் என்றார். அடுத்த நாள் தலைவலி என்றார். மூன்றாம் நாள் நான் எடுக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. வழக்கமான ரயிலுக்குப் போனார், வழக்கமான நேரத்துக்கு வந்தார், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெந்நீரைக் கொண்டுபோய் வைக்கும்போது, அன்றைக்கு நான் செய்தது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று அழுதேன்.

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலையே. சரியாத்தானே சொன்னே" என்றார்.

காலை வெந்நீருக்குள் விட்டுக்கொண்டார்.

மாதம் முடிந்து புது மாதம் பிறந்தது. குமாஸ்தா ஆகிவிட்டால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வெள்ளைச் சட்டை ஒன்று தைத்து வைத்திருந்தோம். அந்த முதல் தேதி காலையில் நான் அதைத்தான் எடுத்து வைத்தேன். இவர் அதைப் பார்த்துவிட்டு, காக்கியை எடு என்றார். அந்த இடத்துக்கு வேறு ஒரு பையனைப் போட்டுவிட்டார்கள் என்றார். கொடுக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். நம் நேரம் சரியில்லை என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். வெள்ளைச் சட்டையைப் பிறகு பொங்கல், தீபாவளிக்குப் போட்டுக்கொண்டு கிழித்தார்.

ஐந்து வருஷம் ஓடியது. என் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் சமயம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பாரத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். அதைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். இவர் மறந்துபோய் ஆபீசுக்குப் போய்விட்டார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நான் முதல் தடவையாகத் தனியாக ரயில் ஏறிப் போனேன். பீச் ஸ்டேஷனில் இறங்கி, நாலு பேரைக் கேட்டு, அந்த ஆபீஸ் மாடிப்படியைக் கண்டுபிடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது.

மாடியில் முதல் மேஜையில் கவுன் போட்ட அம்மா ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அது? உன் வூட்டுக் கதை எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னவர், குரலைத் தாழ்த்தி இப்படிக் கேட்டார். "ஏன் உன் ஹஸ்பண்ட் அந்த சீட்டை வேணாம் சொல்லிட்டான்? ஹெட் கிளார்க் ரெண்டு வாட்டி கேட்டாரு. நானும் கேட்டேன். எனக்கு வராது மேடம்னு ஒரே பிடிவாதம். நல்லா வந்துச்சே அவனுக்கு."

கொடுக்கவில்லை என்றுதானே இவர் சொன்னார். அஞ்சு வருஷமாக நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா கையைக் காட்டிய பக்கம் நடந்தேன்.

உள்கூடத்தின் வாசலிலிருந்து இவரைப் பார்த்தேன். அது சாப்பாட்டு நேரம். மேஜைகளில் ஒருவரும் இல்லை. இவர் மட்டும் பைல்களை அடுக்கிக்கொண்டு நின்றார், எனக்கு முதுகைக் காட்டியபடி. அப்போது ஜன்னலோரம் இருந்த மேஜையில் டெலிபோன் அடித்தது. இவர் சுற்றும்முற்றும் பார்த்தார். யாராவது வருவார்களா என்று நாலைந்து மணி அடிக்க விட்டார். பிறகு போய் எடுத்தார்.

பேசினார். இங்கிலீஷில்தான். அவர் இப்போது வெளியே போயிருக்கிறார், நான் விசாரித்துவிட்டு உங்களைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறேன், கொஞ்சம் உரக்கப் பேசுங்கள், நம்பரை எழுதிக்கொள்கிறேன். எல்லாம் நோட்டில் பாடமான சொற்கள், எனக்கு அத்தனையும் புரிந்தது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி, தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்தவர் எந்த ஊரோ, எப்பேர்ப்பட்ட மனிதரோ, பொறுமையாக இருந்தார் போலிருக்கிறது. இவருக்கு வார்த்தை வந்தது. தட்டுத்தடுமாறாமல் சொல்லி முடித்துவிட்டு, தேங்க்யூ சார் என்று மெதுவாக போனை வைத்தார். காகிதத்தில் எதையோ எழுதி, மேஜைமேல் காற்றில் பறக்காதபடி வைத்தார்.

திரும்பியபோது வாசலில் நான் நின்றேன்.

எப்ப வந்தே என்று கேட்டார். இப்பத்தான் வர்றேன் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் பாரத்தை நீட்டினேன். பெயர், வயது, வீட்டு விலாசம் எல்லாம் நானே தமிழில் எழுதியிருந்தேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தை மட்டும் விட்டிருந்தேன். ஏன் விட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த மேஜையில் வைத்துத்தான் எழுதினார். நாற்காலி காலியாக இருந்தது, ஆபீசிலும் யாரும் இல்லை. நான் உட்கார்ந்து எழுதுங்களேன் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவர் உட்காரவில்லை. வலி காலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, மேஜைமேல் குனிந்து நின்றபடியே, பியூன் என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்திரமாப் போ, லேடீஸ் பெட்டியில ஏறு என்றார்.

ஓய்வு பெறும்வரை அந்தக் காக்கியோடுதான் இருந்தார். போன் பேசியதை நான் கேட்டேன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும் என்பதைப் பிள்ளைகளிடமும் காட்டிக்கொண்டதில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போதும் யாராவது பேச்சின் நடுவே வார்த்தை கிடைக்காமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றால், எனக்கு அது தெரிந்திருந்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை. யாரென்றே தெரியாத ஒருவர் போனில் அவருக்குக் கொடுத்த அந்தக் கொஞ்ச நேரத்தை, கூடவே இருந்த நான் அன்றைக்குக் கொடுக்காமல் போனேனே என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.